அறுபத்திரண்டு சட்டைகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று புது மேலாளர் சொன்னதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியபோது அது தலைக்கே ஏறியிருந்தது. சாயப்பொடி தயாரிக்கும் எங்கள் பிரிவு அளவுக்கு மீறி நீராவியை விழுங்குகிறதாம். மூன்று மாதத்தில் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரிவையே மூடிவிடுவார்கள். பாய்லர் ஓட்டுகிற என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேருக்கு வேலை போய்விடும்.

"அவ்வளவு ஆவியும் எங்கதான் போகுது?" என்றாள் மனைவி, தையல் மெஷினை நிறுத்தாமலே.

வால்வுகளில்தான். குழாய்களெல்லாம் சூடு வெளியே போகாமல் பஞ்சும் தகடும் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்கின்றன. வால்வை மட்டும் பழுது பார்க்க அடிக்கடி திறக்க வேண்டும். போர்வையை உடைத்துத் திறக்கிற ஃபிட்டர் திரும்பப் போர்த்தமாட்டான். அடுத்த வாரம் மறுபடி உடைக்கத்தானே போகிறோம் என்பான். அப்படியே அறுபத்திரண்டு வால்வுகள் வெற்று உடம்போடு கொதித்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்று போட்ட சூடு என் முழங்கைக்குக் கீழே இன்னும் இருக்கிறது.

"கழட்டி மாட்டுற மாதிரி சட்டை தெச்சுட்டா?"

"ஆமா, காலர் வச்சுத் தெய்யேன்" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் வேறு வழி தெரியாமல் ஒரு வால்வை அளந்துகொண்டு வந்தேன். மில்லிமீட்டர் பிசகாத அளவு. சூடு தாங்கும் கண்ணாடி இழைத் துணியும் நூலும் ஸ்டோரில் கிடைத்தன. அவள் தைத்துக் கொடுத்தாள். மாட்டப் போனால் பாதிதான் மூடியது. ஃபிட்டர் விழுந்து விழுந்து சிரித்தான்.

"உள்ள பஞ்சு வைக்கிறோமே, அது எடத்தச் சாப்பிடாதா? ஒடம்பளவக் குடுத்துட்டு சட்டையளவுன்னா எப்படிங்க?" என்றாள் மனைவி, வீட்டுக்கு வந்து சொன்னதும்.

பாய்லர் அணைத்திருந்த விடுமுறை நாளில் மேலாளரிடம் அனுமதி வாங்கி அவளையே கூட்டிப்போனேன். தலையில் ஹெல்மெட், கழுத்தில் டேப். "இவருக்குத் தொப்பை கொஞ்சம் ஜாஸ்தி" என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். பிறகு ஃபிட்டர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கையுறையோடதானே கழட்டுவீங்க? கொக்கி வேணாம், நாடா வச்சுடறேன். ஒரே இழுப்புல வந்துடும்."

இத்தனை வருஷத்தில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் தைத்தாள். கையுறை போட்டும் இழைத்தூள் புகுந்து இரண்டு கைகளும் சிவந்து அரித்தன. போதும் நிறுத்து என்றேன். "இன்னும் பதினோரு பேர் சட்டையில்லாம நிக்கறாங்க" என்றாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் மேலாளர் மீட்டரைப் பார்த்தார். கேட்டது பத்தில் ஒரு பங்கு. குறைந்திருந்தது எட்டில் ஒரு பங்கு. பிரிவை மூடப்போவதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஃபிட்டர் என் தோளைத் தட்டி, "வீட்ல சொல்லிடு. ஒரு சட்டையக்கூட நான் திரும்ப மாட்டாம விட்டதில்ல" என்றான்.

வீட்டில் அவள் கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை வாங்கி நானே தடவினேன். இருபது வருஷத்தில் அவளுக்கு நன்றி என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

அவள் என் கைத் தழும்பை விரலால் தொட்டாள்.

"வடக்குப் பக்கம், மூணாவது வால்வுதானே? அளவெடுக்க வந்த அன்னைக்கே அண்ணன்கிட்ட கேட்டு வச்சுக்கிட்டேன். அதுக்கு மட்டும் பஞ்சு ரெண்டு மடங்கு."

மறுநாள் பாய்லர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது அந்த மூன்றாவது வால்வின் சட்டைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை.