ஒரு வார்த்தை கேட்காமல்

"கையெழுத்துப் போட மாட்டேன்னா மாட்டேன்!"

ராமமூர்த்தி தள்ளிவிட்ட வக்காலத்துத் தாள் குழம்புச் சட்டியில் இடித்து நின்றது. மனைவி அமிர்தவள்ளி அதைப் பாய்ந்து எடுத்து, முந்தானையால் துடைத்தாள்.

இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்து அவில்தாராக ஓய்வு பெற்றவர் அவர். எட்டு வருடத்துக்கு முன் அவருக்குச் சம்பளத்தைக் கூடுதலாக நிர்ணயித்துவிட்டோம் என்று சொல்லி, ஆறு மாதமாகப் பென்ஷனில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்கூட்டி நோட்டீஸ் இல்லை. இவர் எழுதிப் போட்டதற்கு இரண்டு வரியில் பதில் வந்தது: படைவீரர் சம்பளம் துறையின் உள்விவகாரம், விசாரணை கோர உரிமை இல்லை.

"சோறு போட்ட பட்டாளத்தையே கோர்ட்டுக்கு இழுக்கறியான்னு முன்னாள் படைவீரர் சங்கத்துல கேக்கறாங்க. மானம் போவுது."

"சும்மாவா போட்டாங்க? முட்டி தேஞ்சு வந்து நிக்கறியே!"

அமிர்தவள்ளி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள்.

"போன மாசம் எனக்கு அரை நாள் சம்பளம் புடிக்கறதுக்கே மெமோ குடுத்து, கூப்ட்டு, 'ஏம்மா லேட்டு'ன்னு கேட்டாங்க. பஸ் பஞ்சர்னேன், வுட்டுட்டாங்க. ஷூ தைக்கறவளுக்கு இருக்கற ஞாயம் எல்லையில நின்னவனுக்கு இல்லியா?"

 அவருடையது உத்தரவுக்கு 'சரி' என்ற ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய். ஆனாலும் கையை நீட்டினார்.

"பேனாவக் குடு."

மூன்று மாதம் கழித்துச் சென்னையில், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்கு வந்தது. பிடித்தம் செய்யுமுன் ஒருவரை விசாரிக்க வேண்டும் என்ற நியாயம் சீருடை போட்டவருக்கும் உண்டா இல்லையா என்று வக்கீல் கிறிஸ்டினா கேட்டாள். பதில் சொல்ல வேண்டிய அரசு வக்கீலோ கோப்பு வரவில்லை என்றார். நான்கு வாரம் தவணை கேட்டார். அதுவரை பிடித்தத்தையாவது நிறுத்துங்கள் என்றாள் கிறிஸ்டினா. அரசு வக்கீல் பதறிப்போய் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"இன்னாவாம்?" அமிர்தவள்ளி கணவரின் காதருகே குனிந்தாள்.

ராமமூர்த்தி மெதுவாகச் சொன்னார். "அவங்க தரப்ப ஒரு வார்த்த கேக்காம உத்தரவு போட்டா அநியாயமாம்."

நீதிபதி தலையசைத்தார். தவணை கிடைத்தது. பிடித்தமும் நிற்கவில்லை.

அமிர்தவள்ளி எழுந்து நின்றாள். ஊழியர் உட்காரச் சொல்லிக் கையை ஆட்டினார். அவள் உட்காரவில்லை.

"ஐயா," என்றாள், மன்றம் முழுக்கக் கேட்கும்படி, "அதத்தாங்க எங்க வூட்டுக்காரரும் கேக்கறாரு."