இஸ்திரி அக்காவின் மகள்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் அவளுக்குப் பெயர் 'புதுசு'. கணவனுக்கு மரப்பட்டறையில் வேலை கிடைத்து அந்தச் சின்ன ஊருக்கு வந்து மாதங்கள் ஓடிவிட்டன, இன்னும் புதுசுதான். யாரும் அவளிடம் முகம் சுளித்ததில்லை. "சாப்பிட்டியா புதுசு?" என்று வாய் நிறையக் கேட்பார்கள். பதில் வருவதற்குள் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். எல்லாரும் ஒன்றாக வளர்ந்தவர்கள். யார் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மதியம் வெட்டுமேசையைச் சுற்றி உட்கார்ந்தால், அவள் ஓரத்தில், பாதி புரியாமல், மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் சிரித்துவைப்பாள்.

அவளை முதலில் சேர்த்துக்கொண்டது இஸ்திரி அக்காதான். காலர் மடிப்பு சரியாக வராமல் அவள் திணறிய முதல் வாரத்தில், தன் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றவள். அக்காவும் வெளியூர்க்காரிதான். ஆனால் வெளிநாட்டில் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். "பொண்ணு போன் பண்ணாளா?" என்று மேசையே கேட்கும். அக்கா நிதானமாகச் சொல்வாள். மகள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடலாம். பக்கத்து வீட்டுப் பூனை மகள் கட்டிலில்தான் தூங்குமாம். அந்தப் பூனை குட்டி போட்டதா என்று கேட்பதற்கே சிலர் காத்திருப்பார்கள்.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அக்கா இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

"என் பொண்ணு என்கிட்டப் பேசி மூணு வருஷம் ஆச்சு. அவ கட்டிக்கிட்டவனை நான் வேண்டாம்னு சொன்னேன். போனாவது பூனையாவது, எல்லாம் நானா கட்டின கதை. யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா."

"சே, நான் ஏன்க்கா சொல்லப்போறேன்?"

அவள் மனதாரத்தான் சொன்னாள்.

சில நாள் கழித்து அக்கா பல்வலி என்று சீக்கிரம் கிளம்பிப்போனாள். மதியம் பேச்சு அக்காவின் மகளைப் பற்றி வந்தது. "கொடுத்துவச்ச பொம்பளை" என்று பெருமூச்சு விட்டாள் பட்டன் தைப்பவள். புதுசு எதுவும் யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"எந்தப் பொண்ணு பேசுறா? அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது. பூனைகூடப் பொய்."

 எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. "அடிப்பாவி, நிஜமாவா? இங்க வாடி, பக்கத்துல உட்காரு" என்று பட்டன்காரி நகர்ந்து இடம் விட்டாள். அன்று யாரும் அவளைப் புதுசு என்று கூப்பிடவில்லை. வீட்டுக்கு நடந்துபோகும்போது உள்ளுக்குள் ஒரு துள்ளல் இருந்தது. தெருமுனை வருவதற்குள் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. கணவன் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

மறுநாள் அக்கா கன்னம் வீங்கி வந்தாள். பட்டன்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு, "பூனை சௌக்கியமா அக்கா?" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். கடைசியில் காலர் மிஷினில் இருந்த புதுசைப் பார்த்தாள்.  தண்ணீர் தெளித்து அடுத்த சட்டையை விரித்தாள். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

புதுசு அவள் வீடு தேடிப் போனாள். அக்கா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நான்தான்க்கா சொன்னேன்."

"வேற யாருக்குத் தெரியும்?" என்றாள் அக்கா. "உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"ஒண்ணும் இல்லக்கா. அவங்க என்னையும் கூடச் சேர்த்துக்கணும்னு..." 

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் அதுக்குத்தான் பொய் சொன்னேன். எல்லாரும் பிள்ளைங்களைப் பத்திப் பேசுறப்ப நான் மட்டும் சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியல. ஆனா என் பொய்யால யாருக்கும் வலிக்கல." கதவைப் பாதி சாத்தி, "உன்னை மன்னிக்க மனசு வரல. போ" என்றாள்.

மறுநாள் மதியம் புதுசு மேசை முன்னால் நின்றுகொண்டே பேசினாள். "அக்கா என்னை நம்பிச் சொன்னதை நான் இங்க கொட்டிட்டேன். உங்க பக்கத்துல இடம் கிடைக்கட்டும்னு கொட்டினேன்." யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. துணி வெட்டுகிற பெரியம்மா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "நாமளும் சிரிச்சோம்ல" என்றாள்.

அன்று சாயங்காலம் அவர்கள் எல்லாருமாக அக்கா வீட்டுக்குப் போனார்கள். புதுசை அழைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பி வந்தாள். அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். "என் பையன் உள்ளூர்லதான் இருக்கான், வீட்டுப் பக்கமே வரமாட்டேங்கிறான்" என்று பட்டன்காரி முதல்முறையாகச் சொன்னது அந்த மேசையில்தான். புதுசு அதை மிஷின் அருகிலிருந்து கேட்டாள். அவள் டப்பாவோடு எழுந்து போனபோது பேச்சு சட்டென்று வானிலைக்கு மாறியது. யாரும் முகம் சுளிக்கவில்லை. "உட்காரும்மா" என்று இடம்கூட விட்டார்கள்.

அவள் உட்கார்ந்தாள். முதல் கவளத்திலேயே விக்கல் எடுத்தது. எதிரே இருந்த அக்கா சாப்பிட்டபடியே, அவளைப் பார்க்காமல், தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.