நான்காவது தேதி

"இருபத்தி மூணாவது மாடி வீடு சரிதான். ஆனா கார் நிறுத்துற இடத்தையும் இனிமே சேத்துத் தரணும்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. கொடுத்த தேநீரை அவள் தொடக்கூட இல்லை.

அப்பா, கட்டுமானக் கம்பெனியின் புதுக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபது மாடிக் கட்டடத்தில் பெண்ணுக்கு ஒரு வீடு; சாவி கைக்கு வந்த மறுநாள் கல்யாணம். அப்படிப் பேசி முடித்தபோது மகளுக்கு இருபத்தெட்டு வயது. இப்போது முப்பத்திரண்டு. கம்பெனி அறிவித்த தேதிகளில் இது நான்காவது.

"தாமதம் பண்றது கம்பெனிக்காரன். அதுக்கு நாங்க என்னங்க பண்ணுவோம்?" என்றாள் அம்மா.

"பொண்ணுக்கு வயசு ஏறிட்டே போகுதே, அதை யாரு ஈடு கட்டறது?"

உள்ளறை வாசலில் நின்ற மகள் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பெனியின் கட்டுமான அலுவலகத்தில்தான் அவள் இரண்டு வருஷமாக எழுத்தர். ஊழியர்களுக்கு வீட்டுத் தவணையில் சலுகை உண்டென்று கேள்விப்பட்டு அப்பாதான் அனுப்பி வைத்தார்.

போன வாரம் மேலாளர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "மாடிக்கு ஏழு நாள்னு போடும்மா."

"போன மாடிக்கு முப்பது நாள் ஆச்சு, சார்."

"கட்டி முடிக்கவா தேதி போடறோம்? மிச்ச வீட்டை விக்கறதுக்குப் போடறோம். முடியலன்னா இருக்கவே இருக்கு மழை."

அவள் தட்டச்சு செய்தாள். அந்தக் கடிதம்தான் இப்போது அப்பாவின் கையில் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவர் இடிந்துபோவாரே என்று வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைத்தபோது, அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கூடத்துக்கு வந்தாள். "அந்தத் தேதி பொய்ப்பா. நான்தான் டைப் பண்ணேன். கட்டடம் பதினேழு மாடிதான் எழும்பியிருக்கு. இருபத்தி மூணாவது மாடியில இப்போ வெறும் காத்துதான் அடிக்குது."

அப்பா அப்படியே நாற்காலியில் சரிந்தார். அதுவரை ஃபோனில் மூழ்கியிருந்த மாப்பிள்ளை தலை நிமிர்ந்தான்.

"அப்போ நிஜமா எப்போ சாவி கிடைக்கும்?"

நாலு வருஷத்தில் அவன் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"உங்களுக்கா? கிடைக்கவே கிடைக்காது. கிளம்புங்க."

அவர்கள் போனார்கள். "முன்னாடியே ஏம்மா சொல்லல?" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

"தப்புதான்பா. நீங்களும் இந்தக் கல்யாணம் வேணுமான்னு என்னை ஒரு வார்த்தை கேக்கல."

அவர் எழுந்தார். கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் முதல் வேலையாக அவள் கணக்குப் போட்டாள். மிச்சம் நாற்பத்து மூன்று மாடி, மாடிக்கு முப்பது நாள். எந்தத் தடங்கலும் இல்லாவிட்டால் மூன்றரை வருஷம். அதை எழுதி, வீடு வாங்கிய முந்நூறு பேருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினாள். பிறகுதான் ஒரு பிரதியை மேலாளர் மேசையில் வைத்தாள்.

"பைத்தியமா உனக்கு? இதைப் பாத்தா இனி எவன் வாங்குவான்? வேலை போச்சுன்னு வெச்சுக்கோ!"

"வெச்சுக்கிட்டேன், சார்."

பையை எடுக்கும்போது மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தாள். யாரோ ஒரு பெரியவர். "அம்மா, சாவி வந்தாத்தான் எம் பொண்ணைக் கட்டிக்குவோம்னு நிக்கறாங்க. மூணு வருஷமாச்சு. இப்போ நீங்க அனுப்பின இந்தத் தேதியாவது மாறாதுல்ல?"

மேலாளர் ரிசீவரைப் பிடுங்கக் கை நீட்டினார். அவள் தள்ளி நின்றுகொண்டாள்.

"தேதி கிடக்கட்டும், ஐயா. ஃபோனை உங்க பொண்ணுகிட்ட குடுங்க."