பசிக்கு ஆள் தேவை

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இப்போதே உதிரட்டும். அவற்றில் மூன்று ஏற்கெனவே ஆடுகின்றன. அது வேறு விஷயம்.

என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை வியாபார நிர்வாகம் படித்தவர். பசியைத் தர்மத்தால் ஒழிக்கப் பார்த்ததுதான் உலகம் செய்த தவறு, அதையே கம்பெனியாக நடத்தினால் ஒரே வருடத்தில் ஒழிந்துவிடும் என்பது அவர் கட்சி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கைப் பிடித்து, முதலீட்டாளர்களையும் பிடித்து, ஏழைகளுக்கு மதியச் சாப்பாட்டுக் கூடம் திறந்தார். நீள பெஞ்சுகளில் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். என் மகள் கரண்டி பிடித்தாள்.

"மாமா, சோறு போட்டா இன்னைக்குப் பசி தீரும். வேலை போட்டுக் குடுத்தா என்னைக்கும் தீரும்" என்றார் மாப்பிள்ளை.

வெளியே வேலை இல்லை. அதனால் கூடத்துக்குள்ளேயே உண்டாக்கினார். தட்டுக் கழுவ ஒருவர், கழுவியதை மேற்பார்க்க ஒருவர், அவருக்கு மேலே மேலாளர். சூப்பின் சூட்டை அளக்க ஒருவர். சாப்பிடுகிறவர் முகத்தில் திருப்தி தெரிகிறதா என்று எதிரே உட்கார்ந்து பார்க்க ஒருத்தி. எல்லாரும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான். எல்லார் கழுத்திலும் நீலப் பட்டையில் அடையாள அட்டை. சாப்பாடு ஏழைகளுக்கு, சம்பளக்காரர்கள் ஏழைகள் அல்ல. ஆகவே அட்டை மாட்டியவர் கூடத்தில் கை நனைக்கக் கூடாது என்று சட்டமும் போட்டார்.

கடைசியில் பெஞ்சில் மிஞ்சியவன் ஒருவன். ஈர்க்குச்சி என்று கூப்பிடுவார்கள். பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள். அவன் ஒரு வாய் விழுங்கினால் முப்பத்தொன்பது பேர் மூச்சு விட்டார்கள்.

ஒருநாள் அவன் மாப்பிள்ளையிடம் வந்து நின்றான்.

"சார், எனக்கும் ஒரு அட்டை போட்டுக் குடுங்க. பொண்ணு வீட்ல, என்ன பண்றீங்கன்னு கேக்குறாங்க. சாப்பிடுறேன்னா சொல்றது?"

"யோவ், எங்களுக்கு இருக்கறதே நீ ஒரு வாடிக்கையாளர்தான். உன்னையும் எடுத்துட்டா நான் யாருக்குக் கம்பெனி நடத்துறது?"

"அப்ப வேற எங்கயாச்சும் வேலை தேடிக்கிறேன்."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்தும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஊர்ல பசிச்சவன் ஒருத்தன்தான் மிச்சம்னா சந்தோஷப்படணும். பொண்டாட்டி ஓடிப்போன மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றாள் என் மகள்.

"முதலீட்டாளருங்க வர்றாங்கடி. வளர்ச்சி எங்கன்னு கேப்பாங்க."

வந்தார்கள். மூன்று பேர், ஆறு பளபளப்பான செருப்புகள். பெஞ்ச் காலி. மாப்பிள்ளை என் கையைக் கிள்ளினார்.

"மாமா, போய் அவனக் கூட்டிட்டு வாங்க. கால்ல விழுந்தாச்சும்."

ஈர்க்குச்சி பின்வாசல் படியில் தலைசீவி உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, பசிக்கலையா?"

"குடல் குடலத் தின்னுது பெரியவரே. ஆனா அட்டை வந்தாத்தான் உள்ள வருவேன். நாளைக்குப் பொண்ணோட அப்பா வர்றாரு."

"பசிய வச்சு பேரம் பேசலாமாப்பா?"

"சார் பேசலையா?"

உள்ளே போய்ச் சொன்னேன். மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே உத்தரவு எழுதினார். பதவி: முதன்மைப் பசியாளர். வேலை நேரம் முழுவதும் பசியோடு இருக்க வேண்டும். அட்டை கழுத்தில் ஏறியது. ஈர்க்குச்சி மாமியார் வீட்டுக்கு வந்தவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து தட்டை இழுத்தான். மேலாளர் வந்து தட்டைத் தூக்கினார்.

"அட்டை மாட்டிக்கிட்டு இங்க கை நனைக்கக் கூடாது."

"டேய், போன மாசம் என் ரொட்டிய லவட்டினவன்தானே நீ?"

"அது போன மாசம்."

முதலீட்டாளர்களில் மூத்தவர் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சாப்பிடுறவங்க யாரையும் காணோமே?"

என் மகள் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பசியத்தான் ஒழிச்சுட்டோமே."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டினார்கள். அந்தத் தட்டலில் ஈர்க்குச்சியின் வயிறு போட்ட சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. இதேபோல இன்னும் ஐந்து கூடங்கள் திறக்க அங்கேயே சம்மதித்தார்கள். அந்த ஊர்களில் பசித்தவர்கள் இருக்கிறார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை; இல்லாவிட்டால் வேலை இன்னும் சுலபம்.

மறுநாள் பெண்ணின் அப்பா அட்டையை இரண்டு தடவை வாசித்தார். "முதன்மை"யோடு நிறுத்திக்கொண்டு சரி என்றுவிட்டார். கல்யாணத்துக்கு நானும் போனேன். பந்தியில் என் வலப்பக்கம் என் மாப்பிள்ளை, இடப்பக்கம் மகள். எதிரே ஈர்க்குச்சி, அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, மூன்றாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

என் பற்களை எண்ணிப் பார்க்காதீர்கள். எனக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள்.