பட்டினி போட மறந்த செவ்வாய்

திரையில் வந்த இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. மாலின் கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் ஓரத்தில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்தால் எண் மாறிவிடுமா என்ன? சர்க்கரையைக் குறைவாகக் கொடுத்தபோது அந்தச் செல்கள் எவ்வளவு இன்சுலின் சுரந்தனவோ, அள்ளிக் கொடுத்தபோதும் அவ்வளவுதான் சுரந்திருந்தன. சர்க்கரை வந்ததா போனதா என்றே தெரியாத செல்களை யார் உடம்பில் ஏற்றுவது?

இறந்துபோன யாரோ ஒருவருடைய கணையத்திலிருந்து பிரித்தெடுத்த திட்டுகள் அவை. கடுகைவிட எவ்வளவோ சிறிய ஒவ்வொரு திட்டிலும் ஆயிரம் செல்களாவது சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருக்கும். விமானத்தில் போய்ச் சேர வேண்டிய ட்ரொண்ட்ஹைம் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அவற்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். எந்த அறிகுறியும் இல்லாமல் சர்க்கரை இறங்கி, நின்ற இடத்திலேயே விழுந்துவிடுகிறவள். கார் ஓட்டுவதை விட்டாயிற்று. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளக்கூட வீட்டில் விடுவதில்லையாம். இதையெல்லாம் ஆய்வகத்துக்குச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அந்த ஊர் டாக்டர் எஸ்பெனுக்கு வாய் சும்மா இருக்காது. செல்கள் தேறவில்லை என்று மாலின் இப்போது அவருக்குப் போன் செய்ய வேண்டும். அந்தப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

போனை எடுத்தவள் கீழே வைத்தாள். குறைந்த சர்க்கரையில் வந்த எண் அவள் கண்ணை உறுத்தியது. அது இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். செல்கள் செத்துக்கொண்டிருந்தால் ஓட்டைக் குடம் மாதிரி இன்சுலின் கசியும். அப்போது இப்படி வரலாம். இல்லையென்றால், செல்கள் நன்றாகவே இருந்து, சோதனைக்கு முன்னால் அவற்றைப் பட்டினி போடாமல் விட்டிருந்தாலும் இப்படி வரும். வயிறு நிறைந்து ஏற்கெனவே மும்முரமாகச் சுரந்துகொண்டிருப்பவற்றிடம் இன்னும் கொஞ்சம் சர்க்கரையை நீட்டினால் என்ன வித்தியாசம் தெரியும்?

வழக்கமாகச் செல்களைச் சர்க்கரை குறைந்த நீருக்கு மாற்றிவிட்டு எல்லோரும் காபிக்குப் போவார்கள். செல்களுக்குப் பட்டினி, நமக்குப் பன் என்று அந்த ஆய்வகத்தில் ஒரு பழைய கிண்டல் உண்டு. இன்றைக்குக் கிறிஸ்தவத் தவக்கால நோன்புக்கு முந்தைய செவ்வாய், வயிறாரத் தின்கிற நாள். ஏலக்காய் மணக்க, பாதாம் விழுதும் கிரீமும் அடைத்த செம்லா பன் கேன்டீனில் தீர்வதற்குள் பிடித்தாக வேண்டும் என்று காலையிலேயே ஒரே களேபரம். திரும்பி வந்தபோது செல்கள் இருந்த தட்டு பட்டினித் தட்டுகளின் அலமாரியில் இருந்தது. கூட வேலை பார்க்கும் பெய்வி நீரை மாற்றிவிட்டாள் என்று மாலின் நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். பெய்வி பக்கத்து மேஜைதான். ஆனால் இலையுதிர்காலத்திலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆய்வகப் பொறுப்பாளர் வேலைக்கு மாலின் சத்தமில்லாமல் விண்ணப்பித்து வாங்கிக்கொண்டாள். பத்து வருஷத் தோழி அதை அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். மாலினின் தடித்த ஆய்வேடு முழுக்க ஒரே விஷயம்தான்: கணையத்தைவிட்டுப் பிரித்த அதிர்ச்சியில் செல்கள் வாயடைத்துப் போகின்றன, தொந்தரவு செய்யாமல் ஒட்டியிருக்க விட்டால், ஒன்றை ஒன்று தட்டியெழுப்பி மெல்லத் தேறுகின்றன, தனித்தனியாகப் பிரித்துவிட்டால் அதே செல் மந்தமாகிவிடுகிறது. இவ்வளவையும் எழுதியவளுக்கு ஒரு கேள்வி கேட்க எழுந்து மூன்றடி நடப்பதற்கு மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

"பெய்வி, காலையில தட்டுக்குத் தண்ணி மாத்தினது நீதானே?"

பெய்வி நிமிரவில்லை. "நான் எடுத்து வச்சேன், அவ்வளவுதான். நீ மாத்துவேன்னு நெனச்சேன். கேன்டீன்ல எனக்கு முன்னால வரிசையில அத்தனை பேர்." பிறகுதான் மாலினின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய முகமும் வெளுத்தது. "ஐயோ. யாருமே மாத்தலையா?"

கடைசி விமானத்துக்குச் செல்கள் போகிற பெட்டி கிளம்புவதற்குள் இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருந்தது. மாலின் எஸ்பெனைக் கூப்பிட்டு, தப்பு தன்னுடையது, சாயங்காலம்வரை பொறுங்கள் என்றாள். அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, சரி என்று மட்டும் சொன்னார். பெய்வி குடுவையிலிருந்து புதிதாகத் திட்டுகளை எடுத்தாள்; மாலின் நீரை மாற்றினாள். மாற்றியாயிற்று என்று ஒருத்தி சொல்ல, பார்த்தேன் என்று மற்றவள் சொன்னாள். இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்கள்.

இன்குபேட்டர் கதவை மூடிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. இருவரும் அதன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"அந்த வேலைக்குப் போடப் போறேன்னு ஏன் சொல்லலை?" என்றாள் பெய்வி.

"சொன்னா நீயும் போடுவே. உனக்குத்தான் கிடைச்சிருக்கும்."

"எனக்கா? எல்லார் லீவுக்கும் கையெழுத்துப் போடற வேலை எனக்கு எதுக்குடி? உன்னை நாலு திட்டு திட்டிட்டு, நானே விண்ணப்பத்தைப் படிச்சுத் திருத்திக் கொடுத்திருப்பேன். பலகையில பார்க்க வச்சியே."

மாலினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மன்னித்துக்கொள் என்றாள். பெய்வி ஸ்டூலைக் கொஞ்சம் மாலின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து, செல்களை அடுத்த சோதனை நீருக்கு மாற்ற நேரமாகிவிட்டது என்றாள்.

சாயங்காலம் எண்கள் வந்தபோது மாலின் திரையைப் பார்க்க மாட்டேன் என்றாள். பெய்விதான் படித்தாள். குறைந்த சர்க்கரைக்குக் கொஞ்சமாக, அடக்கமாக. அதிக சர்க்கரைக்கு அதைப் போல மூன்று மடங்கு. பெய்வி திரும்ப ஒருமுறை படித்தாள், இந்தத் தடவை பாடம் ஒப்பிப்பது போல உரக்க. மாலினுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எஸ்பெனிடம் இந்தத் தடவை பெய்வி பேசினாள். அவர், தாமதம் என்று கேட்டதும் மத்தியானம் அந்தப் பெண்ணும் புருஷனும் வீட்டுக்குக் கிளம்பிக் கோட்டுகூடப் போட்டுவிட்டார்கள், நான்தான் இருங்கள் இருங்கள் என்று பிடித்து வைத்தேன் என்றார். "அவ வீட்டுக்காரர் இன்னும் கோட்டோடதான் உக்காந்திருக்கார். நான் போய்க் கழட்டச் சொல்றேன்" என்று போனை வைத்தார்.

டாக்ஸி வாசலுக்கு வந்தபோது பனி பொடியாக விழுந்துகொண்டிருந்தது. இருவரும் கோட்டு இல்லாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஓட்டுநர் அதை முன் இருக்கையில் வைக்கச் சொல்லி, தானே பெல்ட்டையும் மாட்டினார். உள்ளே என்ன என்று கேட்டார்.

"குடும்பஸ்தங்க. குலுக்காம கூட்டிட்டுப் போங்க," என்றாள் பெய்வி.

அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். வளாகத்து வாசலில் ஒரு வேகத்தடை. அதில் வண்டி முழுக்க நின்றே விட்டது. பின் விளக்குகள் சிவப்பாக எரிய, முன் சக்கரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. பிறகு பின் சக்கரமும்.