ஊதக் கூடாது

என் வீட்டுக்காரர் மூன்றாவது தடவையும் தோற்றால், எங்கள் மகள் இன்னும் ஆறு வாரம் ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டும். அந்த வார்டில் அதுதான் சட்டம். வீட்டில் இரண்டு பேருக்குக் குழாய் மாட்டத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் பெரிய சிஸ்டர் முன்னால் செய்து காட்டித் தேற வேண்டும். செங்கல் சுமக்கும் சித்தாள் நான், முதல் தடவையே தேறிவிட்டேன். இருபது வருஷமாகப் பைப்போடு வாழும் பிளம்பர் அவர், இரண்டு தடவை தோற்றுவிட்டார். இரண்டு தடவையும் ஒரே தப்பு.

மகளுக்கு ஆறு வயது. எட்டு மாதத்துக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். குடல் முறுக்கிக்கொண்டு கறுத்துப் போயிருந்தது. வெட்டி எடுத்தது போக மிஞ்சியது ஒரு முழம். ஒரு முழக் குடலை வைத்துக்கொண்டு பிள்ளை வளராது, உள்ளே போவது அப்படியே வெளியே வந்துவிடும். அதனால் சாப்பாடு ரத்தத்தில் போகிறது. பால் மாதிரி வெள்ளையாக ஒரு பை. அதிலிருந்து வரும் குழாய், அவள் நெஞ்சில் புதைத்து வைத்திருக்கும் குழாயோடு சேரும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாட்டினால் விடிய ஐந்துக்கு முடியும். இரண்டு குழாயும் சேரும் இடத்தில் ஒரு பொட்டு அழுக்குப் பட்டால் தொலைந்தோம். கிருமி நேராக இருதயத்துக்குப் போகும். போன மாதம் அப்படி ஒரு காய்ச்சல் வந்து நாலு நாள் கண்ணைத் திறக்கவில்லை. அதனால் பெரிய சிஸ்டர் கறாராக இருப்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

வாய்வழியாக ஒன்றுமே கிடையாதா என்று கேட்பார்கள். உண்டு. மசித்த உருளைக்கிழங்கு மூன்று ஸ்பூன். சாப்பாட்டு டீச்சர் என்று மகள் கூப்பிடும் அம்மா தராசில் வைத்து அளந்து கொண்டுவருவார். மெல்லுவதை வாய் மறந்துவிடக் கூடாது, மிஞ்சின குடலும் சும்மா கிடந்து சோம்பேறியாகிவிடக் கூடாது என்பார்.

"நாலாவது ஸ்பூன் எப்போ?" என்று மகள் கேட்பாள்.

"நாளைக்கு எடை பார்த்துட்டுச் சொல்றேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நாளைக்கும் இதையேதான் சொல்லுவேன். வாயைத் திற."

வார்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர். யார் கட்டில் பக்கம் வந்தாலும் கையைக் கழுவினார்களா என்று விசாரிப்பாள். பெரிய டாக்டரையே ஒரு நாள் திருப்பி அனுப்பினாள். அந்த மனுஷனும் சிரித்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வந்தார்.

அவளுடைய அப்பாவின் தப்பு இதுதான்: ஊதுவது. பிளம்பர் எவனும் பைப்பை அப்படியே சேர்க்க மாட்டான். உள்ளே மண் இருக்கும், பூச்சி இருக்கும். உதட்டில் வைத்து ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் சேர்ப்பான். இவர் பைப்போடு நிறுத்தவில்லை. காலி டம்ளரை ஊதுவார், செருப்பை ஊதுவார், சாவித் துவாரத்தை ஊதுவார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது உட்காரக் கொடுத்த நாற்காலியை ஊதினார். எங்கப்பாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

தேர்வு வைப்பது ஒரு மொட்டைப் பொம்மையின் மேல். அதன் நெஞ்சிலும் ஒரு குழாய் தொங்கும். முதல் தடவை அவர் செய்ததைப் பார்த்து நானே அசந்துபோனேன். மேஜையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தது, கையுறை மாட்டினது, குழாயில் இருந்த காற்றை ஒரு குமிழி விடாமல் வெளியேற்றினது எல்லாமே என்னைவிடச் சுத்தம். கடைசியில் மூடியைக் கழற்றி, முனையை முகத்துக்கு நேரே தூக்கினார். முகமூடி பலூன் மாதிரி உப்பியது.

"நிறுத்துங்க," என்றார் பெரிய சிஸ்டர்.

"ஏன் சிஸ்டர்?"

"ஊதினீங்க."

"நானா?"

"இல்ல, பொம்மை!" என்று கட்டிலிலிருந்து மகள் கத்தினாள்.

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மூச்சு விடுவது மாதிரி அது தானாக வருகிறது. இரண்டாவது தடவையும் அதேதான். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.

யோசனை சொன்னது நான்தான். "வாய் நிறையத் தண்ணியை வச்சுக்கோ. அப்புறம் எப்படி ஊதுவே?"

பத்து நாள் அப்படியே பழகினார். வேலை செய்யும் இடத்திலும் கன்னம் இரண்டையும் உப்ப வைத்துக்கொண்டு பைப்பைச் சேர்த்தார். கூட வேலை செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "என்னய்யா, வீட்ல அடி வாங்கினியா?" என்று ஒருத்தர் கேட்டாராம். இவர் பதில் சொல்ல வாயைத் திறக்கவும், கேட்டவர் சட்டை முழுக்க நனைந்ததாம்.

மூன்றாவது தேர்வு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. இந்தத் தடவை வார்டை ஒட்டிய சின்ன அறையில். அங்கே ஒரு தொட்டி, ஒரு இரும்பு மேஜை, அதில் மொட்டைப் பொம்மை. மகள் சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை பேசினா வெளியே" என்று பெரிய சிஸ்டர் சொன்னதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் முகமூடியைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். வாய்க்குள் தண்ணீர்.

"பையில என்ன எழுதியிருக்கு? சத்தமாப் படிங்க," என்றார் பெரிய சிஸ்டர்.

போன இரண்டு தடவையும் அதைப் பெரிய சிஸ்டரே படித்துச் சொன்னார். இன்றைக்கு இப்படிக் கேட்பார் என்று யார் கண்டது? வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"படிங்க சார்."

கடக் என்று ஒரு சத்தம். தொண்டை ஏறி இறங்கியது.

"என்ன அது?"

"தண்ணி, சிஸ்டர்."

"முகமூடிக்குள்ளயா?"

"ஊதாம இருக்கத்தான்!" என்று பொத்தின கையை எடுத்துவிட்டு மகள் சொன்னாள். சொன்ன வேகத்தில் திரும்பப் பொத்திக்கொண்டாள்.

பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார் என்று மட்டும் தெரிந்தது. "வீட்ல மாட்டும்போதும் தினம் தண்ணி வச்சுக்குவீங்களா?"

"வச்சுக்குவேன்."

"நடுவுல இருமல் வந்தா?"

பெரிய சிஸ்டர் வேறு முகமூடி கொடுத்து முதலிலிருந்து செய்யச் சொன்னார்.

வீட்டுக்காரர் வெறும் வாயோடு ஆரம்பித்தார். பெயரைப் படித்தார், தேதியைப் படித்தார், பையை வெளிச்சத்தில் தூக்கிக் கட்டி கிட்டி இருக்கிறதா என்று பார்த்தார். காற்றை எடுத்தார். பொம்மையின் குழாய் முனையை ஸ்பிரிட் துணியால் தேய்த்துக் காயவிட்டார். நெற்றியில் வியர்வை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பார்த்து வார்டில் ஏதோ ஒரு மெஷின் கீ கீ என்று கத்தியது. பெரிய சிஸ்டர் கண்ணாடி வழியாக அந்தப் பக்கம் திரும்பினார். அதே நேரத்தில் என் வீட்டுக்காரர் மூடியைக் கழற்றினார்.

அப்படியே நின்றுவிட்டார்.

"சிஸ்டர், இப்ப நான் ஊதினேனா?"

"நான் அங்கே பார்த்துட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"ஊதலை! நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றேன். சத்தியமாக முகமூடி அசையவில்லை.

"எனக்குத் தெரியலையே," என்றார் வீட்டுக்காரர்.

"யோவ், பொம்மைய்யா அது! மாட்டித் தொலை!" என்று கத்தினேன்.

அவர் பொம்மையைப் பார்க்கவில்லை. சக்கர நாற்காலியைப் பார்த்தார். பிறகு பையையும் குழாயையும் சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"எனக்கே தெரியலைன்னா, ஊதினதாத்தான் வச்சுக்கணும்," என்றார்.

கையில் ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பேன். ஆறு வாரம். இன்னும் ஆறு வாரம் காலையில் சாந்துச் சட்டி, சாயங்காலம் இரண்டு பஸ், அவள் கட்டிலுக்குக் கீழே பாய். மனசுக்குள் அவரைத் திட்டாத திட்டில்லை.

"இது தோத்த கணக்கா சிஸ்டர்?" என்று அவர் கேட்டார்.

"நீங்க இன்னும் மாட்டவே இல்லையே. மாட்டினாத்தானே தோக்கிறதுக்கு?" பெரிய சிஸ்டர் அலமாரியைத் திறந்து புதுப் பையை எடுத்து வைத்தார். "போய்க் கையைக் கழுவிட்டு வாங்க. முழங்கை வரைக்கும்."

திரும்பவும் எல்லாம். இந்தத் தடவை அவசரமே இல்லை. மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, வண்டி மாடு மாதிரி புஸ்ஸென்று மூச்சை விட்டார். திரும்பினார். கழற்றினார். சேர்த்தார். முறுக்கினார். முகமூடி முகத்தோடு ஒட்டிக் கிடந்தது.

"சுவரைப் பார்த்து எவ்வளவு வேணும்னாலும் ஊதிக்கோங்க," என்று சொல்லி, அவர் தேறிவிட்டதாகச் சீட்டில் பெரிய சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார். "உங்களுக்குத்தான் சொல்லணும். பொம்மைதானேன்னு சொல்றவங்க கையிலதான் நான் பிள்ளையைக் கொடுக்கப் பயப்படுவேன். உங்க சீட்டைக் கிழிக்கட்டுமா?"

முதல் தடவையே தேறின நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "வேணாம் சிஸ்டர். இனிமே சொல்ல மாட்டேன்."

"அம்மா திட்டு வாங்கிட்டா!" என்று மகளுக்குக் கொண்டாட்டம்.

சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஒரே அறைதான் எங்களுக்கு. அதில் ஒரு மூலையைக் காலி பண்ணி, மேஜை போட்டு, வேறு யாரும் எதையும் அதன்மேல் வைக்கக் கூடாது என்று முடிவு பண்ணினோம். ஐந்து மணிக்கு அவர் மாட்டினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெள்ளைப் பையையும் சின்ன மெஷினையும் முதுகுப் பைக்குள் வைத்து, குழாயைச் சட்டைக்குள் விட்டு, மகள் முதுகில் மாட்டினோம். அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். அப்புறம் கதவைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டாள்.

எட்டு மாதம் கழித்து வந்தவளைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண், இவள் வயசுதான், கையில் பிஸ்கட்டோடு நின்றாள்.

"அது என்ன பை?"

"என் சாப்பாடு."

"அது எப்படி வாய்க்குப் போகும்?"

"வாய்க்குப் போகாது. நேரா உள்ளே போகும். இப்பக்கூடப் போய்க்கிட்டுத்தான் இருக்கு."

அந்தப் பெண் பிஸ்கட்டைக் கடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சாப்பிட்டுக்கிட்டே ஓடுவேன்," என்றாள் என் மகள். "உன்னால முடியுமா?"

"ஓடாதேடி!" என்று நானும் அவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அதற்குள் அவள் தெருக்கோடிக்குப் போய்விட்டாள்.