கேப்டன் ரெட்ஃபர்னின் நாலாவது பதக்கம்

பெட்டிக்குள் பள்ளம் நாலு. பதக்கம் மூன்றுதான் இருந்தது. வக்கீல் கிருபாசங்கர் மெல்வினை ஏறிட்டுப் பார்த்தார். கேப்டன் ரெட்ஃபர்னின் லண்டன் வாரிசுகளுக்காக அந்தப் பெட்டியை வாங்கிப்போக வந்தவர் அவர்.

"நாலுன்னு சொன்னாங்களே சார்."

"எங்க தாத்தன் காலத்துலருந்து இந்தப் பொட்டிய யாரும் தொறந்ததே இல்லீங்க" என்றார் மெல்வின்.

தாத்தன் போத்தனூரில் அந்தக் கேப்டனுக்குச் சமையல்காரர். துரை பட்டாளத்து எஞ்சினியர். ஆப்பிரிக்காவில் காடு வெட்டிப் பாதை போட்டதற்கு ஒன்று, பிறகு அங்கேயே நடந்த போயர் சண்டையில் எதிரி தகர்த்த ரயில் பாலங்களைத் திரும்ப நிமிர்த்தியதற்கு ஒன்று என்று பதக்கமாக வாங்கிவிட்டு, கடைசிக் காலத்தில் இங்கே ரயில்வேக்கு வந்து சேர்ந்தார். சாகும்போது, என் ஆட்கள் வந்தால் கொடு என்று தாத்தனிடம் பெட்டியைக் கொடுத்தாராம். இத்தனை காலம் வராதவர்கள், நாளைக்கு மெல்வினுக்கு இருதய ஆபரேஷன் என்றிருக்கும்போதா வந்து தொலைய வேண்டும்?

"காணாமப் போனது இதானுங்க. போயர் சண்டை மெடல். விக்டோரியா ராணி தலை போட்டது." வக்கீல் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

மெல்வினின் மனைவி கரோலின் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். முக்காடு போட்ட தலை, மேலே கிரீடம், சுற்றிலும் லத்தீன் எழுத்து. மெல்வின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் வில்லை, மாதா சுரூபம் அல்லவா இது! குழந்தையில் காய்ச்சலில் கிடந்தவருக்கு மாமியார் இருதயம்மாள் கட்டிவிட்டது. புண்ணியவதி பெட்டியைக் குடைந்திருக்கிறாள். முக்காடும் கிரீடமும் லத்தீனும் இருந்தால் மாதாவைத் தவிர வேறு யாரை நினைப்பாள்?

அந்தச் சுரூபத்தை நம்பித்தான் மனுஷன் ஆபரேஷனுக்கே தலையாட்டினார். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, பங்குச் சாமியார் சொல்லியும் கேட்கவில்லை. "மாதா உங்க நெஞ்சுமேலயே இருக்கறா, அப்பறம் என்னங்க பயம்?" என்று கரோலின் சொன்ன பிறகுதான் இறங்கிவந்தார். அது ராணி என்று இப்போது தெரிந்தால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டார். மிதிக்காவிட்டால் ஆள் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மெல்வின் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கோபத்தில் கண் எங்கே தெரியும்?

"ஏனுங்க, எங்களத் திருடனுங்கறீங்களா?" என்று எழுந்தார். மூச்சு வாங்கியது. காற்றுக்காகச் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். கறுப்புக் கயிறு வெளியே தெரிந்தது. கை அடுத்த பொத்தானுக்குப் போனது. வக்கீல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாந்தானுங்க" என்றாள் கரோலின். "நாந்தான் எடுத்து வித்துப்போட்டேன்."

பொத்தானில் இருந்த கை அப்படியே நின்றது. மெல்வின் அவளைத் திரும்பிப் பார்த்தார். வக்கீலுக்கே சங்கடமாகிவிட்டது, இருந்த மூன்றோடு பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதற்கப்புறம் மெல்வின் அவளிடம் வாய் திறக்கவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அன்றைக்கு அவளுக்கும் சோறு இறங்கவில்லை. இந்த மனுஷன் பிழைத்து வந்து என்னைக் காலமெல்லாம் திட்டட்டும், அது போதும் என்று ஜெபம் பண்ணினாள்.

காலையில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கயிற்றைக் கழற்றச் சொன்னாள். மெல்வின் தானே கழற்றி, சுரூபத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்து, கரோலின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். நேற்றிலிருந்து பேசாதவர் பேசினார்.

"நான் வர்ற வரைக்கும் கையிலயே வெச்சுக்க. மாதாவையும் வித்துப்போடாதே."